திருப்பிச் சொல்லுங்க

"நான் இப்ப என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்கிற மனிதரை யாருக்குத்தான் பிடிக்கும்? பள்ளிக்கூடத்தோடு ஒழிந்தது என்று நினைத்த அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆறு வருடம் நான் சம்பளம் வாங்கினேன். துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒரு பம்பு செட் கம்பெனி. நான் அங்கே டைப்பிஸ்ட். டெலிபோனும் என் மேஜையில்தான் இருந்தது. அப்படிக் கேட்பவர் எங்கள் மேனேஜர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லோருக்கும் அவர் கேப்டன் சார். தொண்ணூற்றொன்றில் நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது இருக்கும்.

ஒரு கடிதம் டைப் செய்யச் சொன்னால் யாருக்கு, எந்த ஊருக்கு, எத்தனை பம்பு என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டும். டீக்காரரிடம் மூன்று டீ, அதில் ஒன்று சர்க்கரை இல்லாமல் என்றால், அவரும் ஒப்பிக்க வேண்டும். "மூணு டீக்கு எதுக்குங்க சார் இத்தனை பரிட்சை?" என்று டீக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். கேப்டன் சார் சிரிக்கவில்லை.

"மூணு டீ மறக்காதுங்க. சக்கரை இல்லைங்கறதைத்தான் மறந்துபோடுவீங்க."

அவருடைய இன்னொரு குணம் எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு டீ பரிட்சையைவிடக் கஷ்டமாக இருந்தது. கேட்டதற்கு இல்லை என்றால் இல்லை என்றே சொல்லிவிடுவார். எங்கள் ஊர்ப்பக்கம் அது வழக்கமில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துபோனால்கூட அம்மா உப்பு இல்லை என்று சொல்லமாட்டார், உப்பு வாங்கோணும் என்பார். கிளம்புகிறவன் போகிறேன் என்று சொல்லாமல் வாரேனுங்க என்பான். கடன் கேட்டவனுக்கும் பெண் கேட்டவனுக்கும் நாங்கள் தருகிற பதில் ஒன்றே, பாக்கலாமுங்க. கேட்டவன் புரிந்துகொண்டு எழுந்துபோவான். யார் முகமும் வாடாது. இப்படிப்பட்ட ஊரில், லீவு கேட்டு நிற்கிற ஆளிடம் "இல்லீங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தால் எப்படி இருக்கும்? அவர் பேச்சில் 'ங்க' ஒன்றுகூடக் குறையாது. மரியாதை முழுசாக இருக்கும், மழுப்பல் மட்டும் இருக்காது. ஆளுக்குக் கல்நெஞ்சு என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

ஆனால் அந்தக் கம்பெனி ஓடியது அந்தக் கல்நெஞ்சால்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பெனிக்கு இரண்டு பங்குதாரர்கள், மாமனும் மச்சானும். ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று வந்த தகராறில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தொழிலை மட்டும் பிரிக்கவில்லை. எதிரெதிர் ரூமில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சேர்க்க ஒரு ஆள் தேடினார்கள். மேனேஜர் என்பது போர்டில் எழுதியிருந்த பெயர். உண்மையில் கேப்டன் சாரின் வேலை பத்தடி வராந்தாவை ஒரு நாளைக்கு இருபது தடவை கடப்பது.

முதல் வாரத்திலேயே மாமன், "அந்தக் கழுதைகிட்டச் சொல்லுங்க, இரும்பு வெலை ஏறிப்போச்சுன்னு" என்றாராம். கேப்டன் சார் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு எதிர் ரூமுக்குப் போய், "அந்தக் கழுதைகிட்டச் சொல்லுங்க, இரும்பு வெலை ஏறிப்போச்சுன்னு சொல்லச் சொன்னாருங்க" என்று வாசித்துவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லி நின்றார். மச்சான் முகம் எப்படி இருந்தது என்பதை நான் என் மேஜையிலிருந்தே பார்த்தேன். அன்று மத்தியானம் மாமன் கூப்பிட்டு அதையுமா சொல்வது என்று கேட்டதற்கு, சொன்னதைச் சொன்னேனுங்க என்று மட்டும் பதில் வந்தது. ஒரு மாதத்துக்குள் இரண்டு ரூமிலும் வசவு நின்றுபோனது. எதைச் சொன்னாலும் ஒரு எழுத்துக் குறையாமல் போய்ச் சேரும் என்று தெரிந்தால் எவனுக்கும் வாய் அடங்கிவிடும்.

இந்த வேலை அவருக்குப் புதிதல்ல. எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் சண்டை நடந்தபோதும் இதைத்தான் செய்திருக்கிறார். அங்கே நம் பட்டாளமும், தங்கள் நாட்டை மீட்கப் போராடிய வங்காளிகளின் விடுதலைப் படையும் ஒரே பக்கம் நின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற ஆளுக்கு லயசன் ஆபீசர் என்று பெயர். பட்டாளத்தில் சேரும் முன் கல்கத்தாவில் இரண்டு வருடம் வேலை பார்த்ததில் இவருக்கு வங்காளம் பேச வந்தது. அதனால் இவரைப் பிடித்துப் போட்டார்கள். டீ வந்தால் எப்போதாவது அதைப் பற்றிப் பேசுவார். குண்டு, ரத்தம், வீரம் எதுவும் அதில் வராது. பெரும்பாலும் சோறும் கடிகாரமும்தான் வரும்.

நம் பட்டாளம் அந்த வங்காளிகளுக்குக் கோதுமை மாவு அனுப்பியது. அவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு கிடைக்காமல் இருபது வயதுப் பையன்கள் அழுதார்களாம். இவர் மாவைக் கொண்டுபோய் இன்னொரு முகாமில் கொடுத்து அரிசியாக மாற்றி வந்தார். கடிகார விஷயம் அதைவிட வேடிக்கை. அந்த ஊர் நேரம் நம் நேரத்துக்கு அரை மணி முந்தியது. ஐந்து மணிக்கு என்று பேசி வைத்தால் விடுதலைப் படை நம் நேரம் நாலரைக்கே போய் நின்று காத்திருக்கும். அதனால் இடது கையில் நம் நேரம், வலது கையில் அவர்கள் நேரம் என்று இரண்டு கடிகாரம் கட்டிக்கொண்டு திரிந்தார். அந்த இரண்டாவது கடிகாரம் எங்கள் ஆபீஸ் மேஜை டிராயரில் அரை மணி முந்தியே ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் வந்ததும் அதற்குச் சாவி கொடுப்பார்.

"எதிரி பரவாயில்லீங்க அம்மணி. அவன் என்ன செய்வான்னு ஓரளவு தெரியும். கூட இருக்கறவன் என்ன நெனைக்கறான்னுதான் தெரியாது" என்பார். இரண்டு முகாமிலும் இவருக்குச் சோறு கிடைக்குமாம், ஆனால் இவர் உள்ளே வந்தால் இரண்டு முகாமிலும் பேச்சு நின்றுவிடுமாம். எங்கள் ஆபீசிலும் அப்படித்தான் இருந்தது. அவர் ரூமுக்குள் வந்தால் நாங்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வோம்.

இனி என் கதை. தொண்ணூற்று மூன்றில் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். தென்னந்தோப்பு உள்ள குடும்பம். கேசரி சாப்பிட்டார்கள், காப்பி குடித்தார்கள், சொல்லி அனுப்பறோமுங்க என்று எழுந்தார்கள். அப்பாவுக்கு அந்த இடத்தின் மேல் கொள்ளை ஆசை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வருவார். ஆடி கழியட்டுமுங்க என்றார்கள். தேங்காய் வெட்டு முடியட்டுமுங்க என்றார்கள். பாக்கலாமுங்க என்றார்கள். ஊருக்கெல்லாம் புரிகிற அந்த வார்த்தை அப்பாவுக்கு மட்டும் புரியவில்லை. ஆசை வந்துவிட்டால் யாருக்கும் புரியாதுதான். அதற்குள் சென்னிமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. பெட்ஷீட் நெய்கிற நெசவாளர் சொசைட்டி ஒன்றின் கோயமுத்தூர் கடையில் பையனுக்கு வேலை. அவர்களுக்கு அப்பா சொன்ன பதிலும் பாக்கலாமுங்கதான். இப்படி ஏழு மாதம் போயிற்று. எனக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது. அம்மா என் முகத்தைப் பார்ப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார்.

பொள்ளாச்சிப் பக்கம் டீலர்களைப் பார்க்கக் கேப்டன் சார் ஸ்கூட்டரில் போவார் என்று தெரிந்து, போகிற வழியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரும்படி அப்பாவே அவரிடம் சொன்னார். யாரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார் என்று எனக்கல்லவா தெரியும்.

மறுநாள் சாயங்காலம் கேப்டன் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கூடத்தில் அப்பா, அம்மா, பெரியப்பா. கிணத்துக்கடவில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு இளநீர் குடித்ததாகச் சொன்னார். வேணுமா வேண்டாமா, ரெண்டில் ஒண்ணு கேக்காமப் போகமாட்டேனுங்க என்று சொல்லிவிட்டாராம். பிறகு நோட்டைப் பிரித்தார்.

"அவங்களுக்கு வேண்டாமாமுங்க. பொண்ணு கருப்புன்னு பையனுக்குப் புடிக்கலையாமுங்க. பையனோட அம்மா சொன்னது."

அம்மாதான் முதலில், "ஏனுங்க, இதை இப்படியா ஊட்டுக்குள்ள வந்து சொல்றது?" என்றார். அவர் அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார், ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்பாவிடம் திரும்பினார்.

"நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

அப்பா தரையைப் பார்த்தார். கதவிடுக்கில் எனக்கு அவர் கழுத்துதான் தெரிந்தது. "என்ற புள்ளைய வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க" என்றார். அதைச் சொன்னபோது அப்பாவின் குரல் எப்படி இருந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியும். கேப்டன் சார் தலையை ஆட்டிவிட்டு, வாரேனுங்க என்று கிளம்பிப்போனார். அந்த மனிதரை நான் அன்றைக்கு வெறுத்தேன். கருப்பு என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் குடி முழுகியா போயிருக்கும்?

நாலு நாள் ஆபீசில் அவரோடு பேசவில்லை. கடிதம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், திருப்பிச் சொல்லமாட்டேன். அவரும் விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போயிருந்தபோது என் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதை அப்படித்தான் சொல்லோணுமாங்க சார் என்று நானே கேட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொன்னார்.

விடுதலைப் படையில் அந்தப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கேப்டன் சார் வயதுதான். ஆற்றுக்கு அக்கரையில் அவர் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்திலேயே எதிரிகள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விடியும் நேரத்தில் ஆற்றைக் கடந்து போய்ப் பிடித்துவிடுகிறோம், இக்கரையிலிருந்து இரண்டு பீரங்கி மட்டும் சுட்டுக் கொடுங்கள் என்று வாத்தியார் கேட்டு அனுப்பினார். கேப்டன் சார் போய் நம் பட்டாளத்துப் பிரிகேடியரிடம் சொன்னார். பீரங்கிகள் அன்றைக்கே வேறு இடத்துக்கு நகர்கின்றன, முடியாது, போக வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார் பிரிகேடியர். தெளிவான பதில். அதைச் சுமந்துகொண்டு இவர் சாயங்காலம் வாத்தியாரின் முகாமுக்கு நடந்தார்.

அங்கே இவருக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். எங்கிருந்தோ மீன் பிடித்து வந்து குழம்பு வைத்திருந்தார்கள். எல்லோர் தட்டிலும் சோறு விழுந்தது. வாத்தியார் பெரிய துண்டை இவர் தட்டில் வைத்துவிட்டு, பீரங்கி என்ன ஆச்சு என்று கேட்டார்.

"சோத்துல கை வெச்சுட்டுக் கேக்கறாரு. எப்படிங்க அம்மணி இல்லைங்கறது? என்னை அப்படி வளக்கலை. சொல்லியிருக்கறேன், பாப்பாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

நம் பக்கத்தில் என்றால் சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும் என்றார். வாத்தியாருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தாராம். புரியாவிட்டாலும் விடிவதற்குள் இன்னொரு தடவை வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. முகாம் திரும்பியபோது பட்டாளம் நகரத் தொடங்கியிருந்தது. இவரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். பத்து மைல் தள்ளி இருக்கும்போது ஆற்றுப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. வலது கைக் கடிகாரத்தில் ஐந்து மணி. துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான். பீரங்கிச் சத்தம் எப்படி வரும்? அவர்கள் அதற்காகக் காத்துக்கொண்டே தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். பதினொரு பேர் திரும்பவில்லை.

வாத்தியார் தப்பித்தார். மூன்று நாள் கழித்து இவர் போய் நின்றபோது அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, பிரிகேடியரிடம் புகார் எழுதவும் இல்லை. அதனால் பட்டாளத்தில் யாரும் இவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. வாத்தியார் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். அதைக் கேப்டன் சார் முதலில் வங்காளத்தில் சொன்னார், பிறகு எனக்காகத் தமிழில்.

"நீங்க இல்லைன்னு சொல்லியிருந்தா, நாங்க சாப்பிட்டுட்டுப் படுத்திருப்போம்."

சொல்லிவிட்டு நாற்காலியை இருந்த இடத்தில் திரும்பப் போட்டுவிட்டுப் போனார். அவர் ஒன்றைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லாதது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவருடைய பதினொரு பேருக்கு என் அப்பா எதற்குத் தலைகுனிய வேண்டும் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. ஆனால் அந்த வாரமே அப்பா சென்னிமலைக்குக் கடிதம் போட்டார். அவர்கள் அந்த மாதக் கடைசியில் வேறு இடத்தில் பூ வைத்து உறுதி செய்ய இருந்தார்களாம். தையில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. என் நிறத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் நிறம் அதற்கு இடம் கொடுக்காது.

தொண்ணூற்றேழில் கேப்டன் சார் வேலையை விட்டார். கண்ணில் நீர் அழுத்தமாம். வருடக்கணக்காக இருந்ததை, கண்ணாடி மாற்றினால் போதும் என்று அவரே தள்ளிப்போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. ஆபரேஷன் செய்தும் இன்னொன்றில் பார்வை நிற்கவில்லை. நான் பார்க்கப் போன அன்று டாக்டர் அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, இரண்டும் இனி வராது என்று சொல்லியிருந்தார். அந்த அக்கா ஆஸ்பத்திரி நடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லி அழுதார். நீ ஒண்ணும் சொல்லிப்போடாத கண்ணு, ஆறு மாசத்துல சரியாயிரும்னு சொல்லியிருக்கறேன் என்றார். நானும் சரி என்றேன். அக்கா இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார். கிழக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். விடிவதற்கு முன்பே எழுந்து அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று அக்கா சொன்னார். முதல் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அந்தப் பழைய கடிகாரத்தை முகத்துக்கு நேரே பிடித்து, முள் தெரிகிறதா என்று பார்ப்பாராம். சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. கோல் வாங்கித் தந்தும் தொடவில்லை. ஆறு மாசத்துக்கு எதுக்குக் கோலு என்றாராம்.

அக்கா சமையலறைக்குப் போனதும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அம்மணி, டாக்டர் என்ன சொன்னாரு? அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க, உங்களுக்குத் தெரியும். சொன்னதைச் சொல்லுங்க."

சரியாயிருமுங்க சார், பாப்பாங்க. வாய் வரைக்கும் வந்துவிட்டது. டிபன் பாக்ஸ் என் மடியில் சூடாக இருந்தது. திறந்துகூட வைத்திருந்தேன். சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்ட அக்கா அடுத்த அறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் என் வாழ்நாளில் நான் யார் முகத்துக்கு நேராகவும் இல்லை என்று சொன்னதில்லை. அதற்குப் பிறகும் சொன்னதாக ஞாபகமில்லை.

"வராதுங்க சார். ரெண்டு கண்ணும் இனி வராதுன்னு சொல்லிப்போட்டாருங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"திருப்பிச் சொல்றேன். ரெண்டு கண்ணும் வராது. டாக்டர் சொன்னது" என்றார். பிறகு, "எப்பச் சொன்னாரு?" என்று கேட்டார்.

"நாலு மாசம் ஆச்சுங்க."

"நாலு மாசம்" என்று அதையும் திருப்பிச் சொன்னார். அக்கா வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தாங்கிக்கொண்டேன், தாங்கித்தானே ஆக வேண்டும். கேப்டன் சார் ஜன்னல் பக்கமிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையை நீட்டி, என்ன கொண்டாந்திருக்கீங்க என்று கேட்டார். சந்தகை என்றேன். தட்டில் போட்டுப் பாலை ஊற்றி அவர் கையில் வைத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவ அக்கா பிடித்துக் கூட்டிப்போய், திரும்பக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தார். நான் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, வாரேனுங்க சார் என்று சொல்ல வந்தபோது படுத்துத் தூங்கிவிட்டிருந்தார்.